மேசை இல்லாத வகுப்பறை

தமிழ் இதழியலின் பெரிய பெயர்கள் பலவும் இதழியல் படிக்காதவர்களின் பெயர்கள். 1904இல் பாரதி ‘சுதேசமித்திரன்’ அலுவலகத்தில் துணையாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வாய்த்த ஆசான் ஜி. சுப்பிரமணிய ஐயர், கிடைத்த பாடம், ஆங்கிலத்தில் வந்து குவிந்த செய்திகளை அன்றாடம் தமிழாக்குவது. 1923இல் ரா. கிருஷ்ணமூர்த்தி ‘நவசக்தி’யில் திரு.வி.க.விடம் வந்து சேர்ந்தார். அங்கே சில ஆண்டுகள் உழைத்துத் தேறிய பிறகுதான் கல்கி என்ற பெயர் நாடறிந்தது. 1934இல் தொடங்கிய ‘தினமணி’யின் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கமும், அவருக்குப் பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்த ஏ.என். சிவராமனும் அப்படித்தான் உருவானார்கள். 1942இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் பாரிஸ்டர் படிப்புப் படித்தவர். அவர் தம் செய்தியாளர்களுக்காக ஒரு கையேட்டையே எழுதினார்.

இந்த மரபைச் சுட்டிக்காட்டி, இதழியல் வகுப்பறையில் வராது, செய்தி திருத்தும் மேசையான டெஸ்க்கில் உட்கார்ந்தால்தான் வரும் என்று மூத்த பத்திரிகையாளர்கள் இன்றும் சொல்வார்கள். அதை அனுபவம் இல்லாத பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த டெஸ்க் இப்போது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும், அது இருந்த காலத்தில் அதன்முன் உட்கார யாருக்கு இடம் கிடைத்தது என்ற கேள்விக்கும் அந்தப் பேச்சில் பதில் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கல்லூரியில் இதழியல் எதற்கு என்பதற்கு வேறொரு விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

நாளிதழ் அலுவலகத்தில் டெஸ்க் செய்துவந்த வேலையை வெளியிலிருப்பவர்கள் அதிகம் அறியமாட்டார்கள். தேனியிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ நிருபர் அனுப்பும் செய்தி முதலில் துணையாசிரியரின் கையில் விழும். பெயருக்கு முன்னால் இனிஷியல் எங்கே, அந்த ஊர் எந்த வட்டத்தில் இருக்கிறது, இதைச் சொன்னது போலீஸா பக்கத்து வீட்டுக்காரரா, குற்றம் சாட்டப்பட்டவரிடம் பேசினீர்களா என்று போனில் குடைவார். மூன்றாம் பத்தியில் ஒளிந்திருக்கும் செய்தியை முதல் வரிக்குக் கொண்டுவருவார். அவர் தவறவிட்டதைப் பிழைதிருத்துபவர் பிடிப்பார். அவரும் தவறவிட்டால் செய்தி ஆசிரியர் பிடிப்பார். சிவப்பு மையால் அடித்துத் திருத்தப்பட்ட தன்னுடைய காப்பியை மறுநாள் அச்சில் வந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பாடம். பாடத்திட்டம் கிடையாது, தேர்வு கிடையாது, ஆனால் ஒருநாளும் வகுப்பு நின்றதில்லை.

இன்று பல அலுவலகங்களில் பிழைதிருத்துபவர் என்ற பணியிடமே இல்லை. செய்தியைத் திருத்துபவரே கணினியில் பக்கத்தையும் வடிவமைக்கிறார். இணையதளத்தில் எழுதுபவரே சில நிமிடங்களில் வெளியிட்டும் விடுகிறார். பிழையிருந்தால் வாசகர் சொன்ன பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பது வழக்கமாகிவிட்டது. தொலைக்காட்சியில் பிரேக்கிங் நியூஸ் வரியைத் தட்டச்சு செய்பவருக்கு அருகிலிருப்பவரிடம் ஐயம் கேட்கவும் நேரமில்லை. மாவட்டங்களில் செய்திக்கு இவ்வளவு என்று பணம் பெறும் ஸ்ட்ரிங்கர்களை யாரும் உட்கார வைத்துக் கற்றுத்தருவதில்லை. செய்தி அறை கற்பிப்பதை நிறுத்திக்கொண்டது. வருகிறவர்கள் கற்றுக்கொண்டே வரட்டும் என்கிறது. எங்கே கற்றுக்கொள்வார்கள்?

இரண்டு பள்ளிகள், ஒரு தகராறு

இதழியலைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தவர்களுக்கும் இந்தக் கேள்வி இருந்தது. 1908இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் வால்டர் வில்லியம்ஸ் தொடங்கிய பள்ளி, வகுப்புகள் ஆரம்பித்த அன்றே ஒரு செய்தித்தாளையும் வெளியிட்டது. கல்லூரி விழாக்களைப் பற்றிய இதழ் அன்று அது. அந்த நகரத்து மக்கள் படிக்கும் உண்மையான நாளிதழ். மாணவர் செய்தி திரட்டினார்கள், பேராசிரியர்கள் டெஸ்க்கில் அமர்ந்து திருத்தினார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் மிசௌரி அந்த முறையைக் கைவிடவில்லை.

ஜோசப் புலிட்சருக்கு வேறு கனவு. 1892இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தை அணுகி மறுக்கப்பட்டவர் அவர். பிறகு பல்கலைக்கழகம் இணங்கியது. அவர் இறந்த மறு ஆண்டு, 1912இல், பள்ளி திறந்தது. இடையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் ஒரு பாடத்திட்டத்தைப் பரிந்துரைத்தார். பத்திரிகை நிர்வாகம், விற்பனை, விளம்பரம் ஆகியவையும் அதில் இருந்தன. புலிட்சர் அதை ஏற்கவில்லை. பத்திரிகையை விற்கக் கற்றுத்தரத் தம் பணம் வேண்டாம், பொதுநலனுக்காக எழுதுபவரை உருவாக்கினால் போதும் என்பது அவர் நிலை. பத்திரிகை விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்த ஒருவர் இப்படி நினைத்தார் என்பதை நம் ஊடகத் துறைகளின் பாடத்திட்டக் குழுக்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் முதல் முயற்சி நம் சென்னையில், அடையாற்றில் நடந்தது. 1920இல் அன்னி பெசன்ட் தம் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் வகுப்பைத் தொடங்கினார். அவர் நடத்திய ‘நியூ இந்தியா’ நாளிதழே மாணவருக்குப் பயிற்சிக்களம். முயற்சி நீடிக்கவில்லை. 1938இல் அலிகார், 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம், 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் என்று அடுத்தடுத்துப் படிப்புகள் வந்தன. 1965இல் டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தை அப்போதைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் இந்திரா காந்தி திறந்துவைத்தபோது திசை மாறியது. உருவாக்க வேண்டியவர் நிருபர் என்பது போய், வளர்ச்சிச் செய்தியை மக்களிடம் சேர்ப்பவர் என்றானது. 1975–76இல் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வித் தொலைக்காட்சியைக் கொண்டுசென்ற சைட் திட்டம் அந்தக் கால நம்பிக்கையின் உச்சம். இதழியல் துறைகளின் பெயர்ப்பலகைகளில் ‘மக்கள் தொடர்பியல்’ சேர்ந்தது. பாடநூல்களில் கோட்பாடுகள் சேர்ந்தன. டெஸ்க் மெல்ல ஓரத்துக்குப் போனது.

விஸ்காமும் தமிழ்த்துறையும்

தமிழ்நாட்டில் ஊடகம் படிக்க விரும்பும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவருக்குத் தெரிந்த சொல் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்). சென்னை லயோலா கல்லூரியில் தொடங்கி மாவட்டத் தலைநகர்க் கல்லூரிகள் வரை பரவிய படிப்பு அது. ஒளிப்படம், கேமரா, எடிட்டிங், விளம்பரம், அனிமேஷன் எல்லாம் உண்டு. அதில் சேரும் மாணவர்களில் பலருடைய கண் சினிமாவின் மேல். அதில் குறை ஒன்றுமில்லை. நல்ல இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். ஆனால் மூன்று ஆண்டுப் படிப்பில் செய்தி எழுதுவதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு தாள்கள். அவையும் ஆங்கிலத்தில்.

இன்னொரு வழி அதிகம் பேசப்படாதது. நம் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளில் ‘இதழியல்’ என்றொரு தாள் நெடுங்காலமாக இருக்கிறது. மா.பா. குருசாமியின் ‘இதழியல் கலை’யைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வெழுதிய தலைமுறைகள் உண்டு. செய்தி என்றால் என்ன, தலையங்கம் என்றால் என்ன, தமிழில் முதல் இதழ்கள் எவை என்பதையெல்லாம் தமிழிலேயே, தெளிவாக அந்தத் தாள் சொல்லித்தருகிறது. தமிழ் நாளிதழ்களில் துணையாசிரியர்களாக இருப்பவர்களில் கணிசமானோர் தமிழ் இலக்கியம் படித்தவர்கள் என்பதால், நடைமுறையில் தமிழ்த்துறையே நம் பெரிய இதழியல் பள்ளி என்று சொல்லத் தோன்றுகிறது. அங்கே மொழி இருக்கிறது, கேமராவும் களமும் இல்லை. விஸ்காமில் கருவி இருக்கிறது, மொழி இல்லை. ஒரே கல்லூரியில், ஒரே வளாகத்தில், அடுத்தடுத்த மாடிகளில் இருக்கும் இந்த இரண்டு துறைகளும் ஒரு செய்தியைச் சேர்ந்து எழுதிப் பார்த்ததுண்டா?

இரண்டிலும் இல்லாதது நம் ஊர் பற்றிய ஆய்வு. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் நகரில் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் மெக்கோம்ஸும் ஷாவும் நடத்திய ஆய்வை நம் மாணவர் மனப்பாடமாகச் சொல்வார். ஊடகம் மக்களுக்கு எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்று சொல்கிறது என்ற கோட்பாடு அதிலிருந்து வந்தது, படிக்க வேண்டியதுதான். டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க நான்கு பேர் கேட்டு விவாதிக்கும் நம் செய்தித்தாள் வாசிப்பைப் பற்றியும் அவர் படிக்க வேண்டும். ‘தினத்தந்தி’யையும் ‘தினமலர்’ நாளிதழையும் ஒப்பிட்டு, அவற்றின் மொழியும் வாசகரும் எப்படி வேறுபடுகின்றன என்று மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி 2009இல் எழுதிய கட்டுரை உண்டு. ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்த பாரதியின் ‘இந்தியா’ கருத்துப்படங்கள் உண்டு. 1906–1910 காலத்துத் தமிழ் வாசகரோடு ஒரு பத்திரிகை படத்தின் மூலம் எப்படிப் பேசியது என்பதற்கு அதைவிட நல்ல பாடநூல் கிடையாது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒலிக்கத் தொடங்கிய அண்ணா எஃப்.எம்., நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. இவை பாடத்திட்டத்தின் ஓரத்தில் இருக்க வேண்டியவை அல்ல.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள்

டெஸ்க்கில் கற்பது நல்ல முறை என்று சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே போய் உட்கார, உள்ளே ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும். 1996இல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் கென்னத் கூப்பர், ஒரு தலித் பத்திரிகையாளரைச் சந்திக்க வேண்டும் என்று டெல்லியில் பி.என். உனியாலிடம் கேட்டார். பல ஆண்டுகள் தொழிலில் இருந்த உனியால், அரசு அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர் பட்டியலை வைத்துக்கொண்டு தேடினார். ஒருவரைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதை அவர் ‘பயோனியர்’ நாளிதழில் எழுதினார். இந்திய மொழி நாளிதழ்களைப் பத்தாண்டு ஆராய்ந்த ராபின் ஜெஃப்ரியும் இதே வெறுமையைப் பதிவுசெய்திருக்கிறார். 2006இல் அனில் சமாரியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் மூவரும் டெல்லியைத் தளமாகக் கொண்ட 37 ஊடகங்களில் முடிவெடுக்கும் நிலையிலிருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தலித்தோ பழங்குடியினரோ ஒருவரும் அதில் இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட அறிக்கையில், ஆராயப்பட்ட 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன.

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் சேர்க்கையில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. பத்திரிகை அலுவலகத்தின் வாசலில் அப்படி ஒன்றுமில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த ஒரு பெண், தன் அப்பாவுக்கோ மாமாவுக்கோ ஆசிரியரைத் தெரியாமலே செய்தித்தொழிலை நெருங்க முடிகிற ஒரே பொது வாசல் கல்லூரிதான். அந்த வாசலுக்குள் அவளுக்குக் கிடைப்பது அரைகுறைப் பயிற்சி என்றால், நல்ல பயிற்சி மறுபடியும் சில லட்சம் ரூபாய் கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விடுகிறது. வாசல் திறந்தும் பயனில்லாமல் போகிறது. இதழியல் கல்வியின் தரத்தைப் பற்றிய பேச்சை நான் சமூகநீதிப் பேச்சாகவே பார்ப்பதற்குக் காரணம் இது.

இதற்கிடையில் ஒரு வாரப் பத்திரிகை தானே பள்ளியாக மாறிக் காட்டியது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் காலத்தில் விகடன் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டம், கல்லூரி மாணவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, படிக்கும்போதே அவர்கள் ஊரிலிருந்து எழுத வைத்தது. எந்தப் பட்டப்படிப்பு படிக்கிறவராகவும் இருக்கலாம். அதில் தேறி வந்தவர்கள் தமிழ் ஊடகங்கள் பலவற்றில் பொறுப்பான இடங்களில் இருந்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் வெற்றிக்கு ஒரு காரணம், எழுதியது திருத்தப்பட்டு அச்சில் வந்ததும் வாசகர் அதைப் படித்ததும். மதிப்பெண்ணுக்காக எழுதும் செய்திக்கு அந்த நடுக்கமும் கவனமும் வராது.

டெஸ்க் தராத பாடம்

பழைய டெஸ்க்கால் சரியாகத் தர முடியாமல் போனவையும் உண்டு. முதலில் சட்டம். குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை மட்டும் மறைக்கச் சொல்லவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, சுற்றுப்புறம், அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்தத் தகவலும் வெளிவரக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வெளியீட்டாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. குழந்தையின் பெயரை விட்டுவிட்டு, கைதானவர் ‘சிறுமியின் தந்தை’ என்று எழுதி, அவருடைய பெயரையும் ஊரையும் தொழிலையும் போட்டுவிட்டால் என்ன மிச்சம்? ஐம்பது வீடுகள் உள்ள ஊரில் அந்தக் குழந்தை மறுநாள் பள்ளிக்குப் போக முடியாது. இத்தகைய வரிகளை நாம் இன்றும் படிக்கிறோம். எழுதியவர் கொடுமைக்காரர் அல்லர். போலீஸ் தந்த குறிப்பை அப்படியே தட்டச்சு செய்தவர். அவரை உட்கார வைத்து அந்தப் பிரிவை ஒருமுறை வாசிக்க வைத்து, பத்துச் செய்திகளைத் திருத்தச் சொல்ல ஒரு வகுப்பறை போதும்.

ஊடகச் சட்டத்தைத் தமிழ்நாட்டு வழக்குகளைக் கொண்டே கற்பிக்கலாம் என்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. ரொமேஷ் தாப்பரின் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று அரசு விதித்த தடையை 1950இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு வழிவகுத்த தீர்ப்புகளில் அது ஒன்று. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிடுவது தொடர்பான ஆர். ராஜகோபால் வழக்கில் 1994இல் வந்த தீர்ப்பு, வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றும், அந்தரங்க உரிமைக்கும் பொது ஆவணங்களில் இருப்பதை எழுதும் உரிமைக்கும் எல்லை எது என்றும் சொன்னது. 1987இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் வந்த நகைச்சுவைப் படத்துக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் விடுதலையானார். சட்டமன்ற உரிமை என்றால் என்ன, அதற்கு எல்லை உண்டா என்று மாணவர் இதைவிடச் சுவையாகக் கற்க முடியாது. மூன்று வழக்குகளையும் தமிழில் எழுதிய ஐம்பது பக்கக் கையேடு ஒவ்வொரு விஸ்காம் துறையிலும் இருக்க வேண்டும்.

அடுத்து எண். தேர்ச்சி 90 விழுக்காட்டிலிருந்து 94.5 ஆனால், கூடியது 4.5 விழுக்காட்டுப் புள்ளி. விழுக்காட்டுக் கணக்கில் 5. இந்த வேறுபாடு தெரியாமல் தலைப்பு வைக்கிறோம். ஒரு வட்டத்தில் கொலை 2லிருந்து 4 ஆனதை ‘இரு மடங்கு’ என்று எழுதுவது பொய்யில்லை, ஆனால் வாசகரைப் பயமுறுத்துகிறது. மூன்றாவது, நெறி. தற்கொலைச் செய்திகளைப் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலை இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019இல் ஏற்றுக்கொண்டது. முறையை விவரிக்காதே, ஒற்றைக் காரணத்தைத் தலைப்பாக்காதே, உதவி கிடைக்கும் இடத்தைச் சொல் என்பவை அதன் சாரம். தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் இதை அறியாத கை எழுதும் ஒரு தலைப்பு, எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளையைத் தொடக்கூடும்.

உரிமம் வேண்டாம், ஊர் வேண்டும்

படிப்பு தேவை என்பதைப் படிப்பில்லாதவர் எழுதக் கூடாது என்பதாக மாற்றிவிடும் ஆபத்தும் உண்டு. 2013இல் பத்திரிகை கவுன்சில் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, பத்திரிகையாளருக்குக் குறைந்தபட்சத் தகுதி வகுக்க ஒரு குழு அமைத்தார். அதே ஆண்டு அமைச்சர் மணீஷ் திவாரி பொதுத்தேர்வும் உரிமமும் பற்றிப் பேசினார். இரண்டும் தவறான வழி. பேச்சுரிமைக்கு நுழைவுச்சீட்டு கேட்பதும், வட்டாரத்தில் இருபதாண்டாக எழுதும் ஸ்ட்ரிங்கரை வெளியே நிறுத்துவதும்தான் அவற்றின் விளைவாக இருந்திருக்கும். 2025இல் தமிழ்நாடு அரசு சென்னையில் தொடங்கிய இதழியல் நிறுவனம் நல்ல செய்தி. ஆனாலும் ஒரே நகரத்தில் ஒரு நிறுவனம் போதாது. கலைக் கல்லூரிகளிலேயே மாற்றம் நடக்க வேண்டும்.

அதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு கல்லூரியைச் சுற்றி எத்தனையோ ஊராட்சிகள். இருவர் இருவராக மாணவர்களை அனுப்பினால், வரவு செலவு வாசிக்கப்பட்டதா, தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள், குடிநீர் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதெல்லாம் செய்தியாகும். ஐயம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு. முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. ஒரு செமஸ்டருக்குள் மனு, பதில், மேல்முறையீடு மூன்றையும் மாணவர் நேரில் பார்த்துவிடலாம். விஸ்காம் மாணவர் படமெடுக்க, தமிழ்த்துறை மாணவர் எழுத, பொருளியல் துறை வரவு செலவைச் சரிபார்க்கட்டும். அதை அந்த ஊராட்சி மக்களே படிக்கும் இதழாக்க வேண்டும்.

திருத்துவது யார் என்பதுதான் சிக்கல். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ கேட்கும் விதிகளால், முப்பதாண்டு டெஸ்க்கில் இருந்தவர் உதவிப் பேராசிரியராக முடியாது. உதவிப் பேராசிரியராக இருப்பவர் பலருக்கு ஒருநாள்கூட டெஸ்க் அனுபவம் வாய்த்ததில்லை. இந்த இடைவெளிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் ஒரு வழி திறந்தது. தொழிலில் குறைந்தது 15 ஆண்டு அனுபவமுள்ளவரைப் பட்டத் தகுதி கேட்காமல் ‘தொழில்முறைப் பேராசிரியர்’ ஆக நியமிக்கலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு வரை. காலம் அதிகபட்சம் மூன்றாண்டு, தேவைப்பட்டால் இன்னும் ஓராண்டு. மதுரையிலும் திருச்சியிலும் கோவையிலும் நெல்லையிலும் நாளிதழ்ப் பதிப்புகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற துணையாசிரியர்கள் அதே ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவரை வாரம் நான்கு நாள் அழைத்து, மாணவர் எழுதிய காப்பியையும் ஒரு சிவப்புப் பேனாவையும் அவர் முன் வைக்க ஒரு கல்லூரி முதல்வரின் கையெழுத்தும் நிர்வாகக் குழுவின் தீர்மானமும் போதும். அந்த நியமனத்தை இந்தக் கல்வியாண்டிலேயே செய்துவிடலாம்.